ஒன்பது நாற்பத்திரண்டு

அவர் முதலில் வந்தது மதியம் இரண்டரைக்கு.
ஆகஸ்ட். ஜியாயி நகரமே வெந்துகொண்டிருந்தது.
சாய் ஜின்ஹூ, ஐம்பத்தெட்டு வயது,
பூதாய்த் துறைமுகத்தில் சிப்பி உடைக்கிறவர்.
இடது உள்ளங்கையில் ஒரு சிவப்புப் புள்ளி.
ஜிலேபிக் கெண்டை முள் குத்திவிட்டது என்றார்,
காலையில், குளத்தில்.
கொஞ்சம் வீக்கம். காய்ச்சல் இல்லை.
அவ்வளவுதான், ஆனால் அந்த மனிதர்
உட்கார முடியாமல்
நின்றுகொண்டே அழுதார்.

நான் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரவு ஒன்பதரைக்கு மறுபடியும் வந்தார்,
இம்முறை படுத்தபடி.
முன்கை முழுக்க நாவற்பழ நிறத்தில்
கொப்புளம் கட்டியிருந்தது.
இரத்த அழுத்தம் எண்பதைத் தாண்ட மறுத்தது.
இவருக்குப் பல வருஷமாகவே
கல்லீரல் சரியில்லை என்றாள் மனைவி.
மதியம் நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு
ஏழு மணி நேரம் கழித்து
வந்து சேர்ந்த பதில்.

நீலப் பேனாவால் சிவப்பின் ஓரத்தில்
ஒரு கோடு இழுத்தேன்,
பக்கத்தில் நேரம்: 9.42.
பத்து பத்துக்குப் பார்த்தால்
சிவப்பு கோட்டைத் தாண்டி
இரண்டு விரற்கடை போயிருந்தது,
யாரையும் கேட்காமல்.

ஸ்கேன் எடுக்கலாமா என்றான் பயிற்சி மருத்துவன்.
மயக்க மருந்துக்காரி லியன் ஷுயூ
படியேறிக்கொண்டே சொன்னாள்:
படம் வருவதற்குள்
படத்தில் இருக்கிற கை மாறிவிடும். மேலே கொண்டு வா.

இரண்டு அங்குலக் கீறல்.
இரத்தம் வரவில்லை.
கத்தி பிடித்த கைக்கு
அதைவிடப் பயம் வேறில்லை.
வந்தது, பாத்திரம் கழுவிய தண்ணீர் போல
கலங்கலாய் ஏதோ ஒன்று.
சுட்டுவிரலை உள்ளே விட்டேன்.
நல்ல உடம்பில் தசையுறை விடாது,
பலாச்சுளையைச் சடை பற்றியிருப்பது மாதிரி
பற்றிக்கொண்டிருக்கும்.
இங்கே நனைந்த காகிதம்.
விரல் தட்டாமல் முட்டாமல் நடந்தது,
மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு,
ஆள் காலி செய்த வீட்டில்
அறை அறையாகப் போவது போல.

பிறகென்ன, வெட்டுவதுதான்.
சாம்பல் நிறமானதை எல்லாம்,
அதற்கப்புறம் சந்தேகமானதை எல்லாம்.
மேலே தோல் நன்றாகத்தான் இருக்கும்,
அதை வெட்டக் கை கூசும்,
கூசினால் நாளை தோளை வெட்ட வேண்டும்.
முழங்கைக்கு நான்கு விரற்கடை மேலே
ஒரு சின்ன நாளம் சட்டென்று பீய்ச்சி
என் முகக்கவசத்தில் அடித்தது.
ஆஹா என்றாள் லியன்,
பண்டிகை வாணத்தைப் பார்த்தவள் போல.
அங்கே நிறுத்தினேன்.

கையை எடுத்துவிட வேண்டுமா என்று
வெளியே மனைவி கேட்டாள்.
காலையில் திறந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
காலையில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன;
எடுத்தோம்.
அடுத்த நாளும் திறந்தோம். அதற்கடுத்த நாளும்.
நான்காம் முறை
வெட்ட ஒன்றுமில்லை.
தொடைத் தோலைச் சீவி
வலை மாதிரி விரித்து ஒட்டினோம்.

டிசம்பரில் தெர்மாகோல் பெட்டியோடு வந்தார்.
பனிக்கட்டியில் ஒரு பால்மீன்.
அந்த மதியத்தைப் பற்றி
நானே பேச்செடுத்தேன்.
மாத்திரை எழுதியது நான்தான் என்றேன்.
அவர் கொஞ்ச நேரம் கையைப் பார்த்தார்.
ரொம்ப வலித்தது டாக்டர் என்றார்,
அன்று சொன்ன அதே வாக்கியம்,
அதே குரலில்.

பால்மீனுக்கு முள் இருநூறுக்கு மேல்.
எல்லாம் நானே எடுத்தேன் என்றார்,
மீதமிருக்கும் மூன்று விரலைக் காட்டி.
வீட்டுக்குப் போய்ச் சமைக்கும் முன்
ஒரு தரம் விரலால் தடவிப் பார்த்தேன்.
முள் இல்லை.
சதை விரலைத் தடுத்தது.